திட்டம் முடிந்ததா? ஒரு சொல்லும் இரண்டு கேள்விகளும்

தியானப் பகுதி: லூக்கா 14:28-30, மாற்கு 8:22-25



வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு வேதபகுதியை எடுத்துக்கொண்டு, வார்டுகளிலும் வெளிநோயாளர் பிரிவிலும் நாங்கள் காண்பவற்றோடு சேர்த்து அதைத் தியானிப்போம். இம்முறை ஒரு கடிதத்திலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

நம்மைத் தாங்கிவரும் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராயிருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். "உங்கள் ஆண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் 'பாதப் பராமரிப்புத் திட்டம் வெற்றிகரமாக நிறைவேறியது' என்று போட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில், காலில் புண்ணோடு வருகிற தொழுநோய்க்காரர்களுக்குக் கட்டில் போதவில்லை, உதவி செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் எது உண்மை ஐயா? கைப்பிடி அரிசி சேர்த்து அனுப்புகிற எங்கள் தாய்மார் கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு என்ன சொல்லட்டும்?"

கோபமான கடிதம் அல்ல; ஆனாலும் எங்களைச் சுட்டது. நிர்வாகியின் அறையில் எல்லாருமாக அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஏனெனில் இரண்டு பக்கங்களையும் எழுதியவர்கள் நாங்களே. இரண்டாம் பக்கம் பொய்யல்ல. ஐந்தாம் பக்கமும் பொய்யல்ல. அப்படியானால் எங்கே பிசகினோம் என்று ஆராய்ந்து பார்த்ததில், "திட்டம்" என்ற ஒரு சொல்லை இரண்டு அர்த்தத்தில் ஆண்டு, அதை உங்களுக்கும் சொல்லாமல் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளாமலும் இருந்துவிட்டோம் என்று கண்டோம். அந்தச் சகோதரிக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறோம்.

ஒரு சொல் படும் பாடு

தமிழில் நமக்கு "திட்டம்" என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். ஐந்தாண்டுத் திட்டம் என்கிறோம். மேட்டூர் அணைத் திட்டம் என்கிறோம். சத்துணவுத் திட்டம் என்கிறோம். முதலாவது, காகிதத்தில் வகுத்த ஏற்பாடு. இரண்டாவது, 1925இல் வேலை தொடங்கி 1934இல் கட்டி முடித்த ஓர் அணை; முடிந்தது என்று எவரும் தயங்காமல் சொல்லலாம், சுவர் அங்கே நிற்கிறது. மூன்றாவது, 1982இல் தமிழ்நாட்டில் விரிவாகத் தொடங்கப்பட்டு நாள்தோறும் நடந்துவருவது. "சத்துணவு எப்போது முடியும்?" என்று கேட்கிறவர் பந்தி முடிகிற நேரத்தைத்தான் கேட்பார்! அதைப்பற்றிக் கேட்கத்தக்கது வேறு: பிள்ளை பசியாறினானா? பள்ளிக்கு ஒழுங்காக வருகிறானா? உடம்பில் சதை பிடித்திருக்கிறதா?

ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பிளான், பிராஜெக்ட், புரோகிராம் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆகவே அவர்களுக்குக் குழப்பமில்லை என்று நினைத்துவிடவேண்டாம். புரோகிராம் என்ற அந்த ஒரே சொல்லை அங்கே இரண்டு துறையார் இரண்டு விதமாக ஆளுகிறார்கள். வேலையை நடத்துகிறவர்கள், அதாவது பிராஜெக்ட் நிர்வாகம் படித்தவர்கள், ஒருவகை. வேலையை மதிப்பிடுகிறவர்கள், அதாவது புரோகிராம் மதிப்பீடு செய்கிறவர்கள், இன்னொரு வகை. (கிறிஸ்மஸ் கீதபவனிக்கு நம் வாலிபர் சங்கத்தார் அச்சடிக்கிற புரோகிராமை இங்கே சேர்க்கவில்லை.)

கோபுரம் கட்டுகிறவர்

முதல் வகையாருக்கு வேதத்தில் ஒரு நல்ல உவமை உண்டு. லூக்கா 14இல் நம் ஆண்டவர் ஒரு கோபுரம் கட்ட விரும்புகிறவனைப்பற்றிப் பேசுகிறார். அவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் அஸ்திபாரத்தோடு நின்றுபோய், பார்க்கிறவர்களெல்லாம் பரியாசம் பண்ணுவார்கள். சீஷத்துவத்தின் விலையைப்பற்றிய போதனை இது என்பதை நாம் அறிவோம். ஆனாலும் போதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் ஒரு கட்டடக்காரன். காலம், செலவு, முடிக்கும் திராணி ஆகிய மூன்றும் அவனுடைய கவலை. இன்றைக்கும் ஒரு பிராஜெக்ட் நிர்வாகியின் கவலை அவைதான்.

அவர்கள் பேச்சில் பிராஜெக்ட் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலை. முடிவில் கையில் ஏதாவது இருக்கவேண்டும்: ஒரு கட்டடம், ஒரு கருவி, பயிற்சி பெற்ற ஆட்கள். புரோகிராம் என்பது அதற்கு மேற்படி. ஒன்றோடொன்று தொடர்புள்ள பல பிராஜெக்ட்களைச் சேர்த்துக் கட்டி, தனித்தனியே நடத்தினால் கிடைக்காத நன்மை கிடைக்கும்படி ஒரே கண்காணிப்பில் நடத்துவது. 1969இல் அமெரிக்காவில் உருவான பிராஜெக்ட் நிர்வாகச் சங்கம், இதற்கென்று தனியான ஒரு நெறிமுறை நூலை 2006இல் வெளியிட்டது. பிரிட்டனில் இதே பொருளில் 1999இலேயே ஒரு கையேடு வந்துவிட்டது. நியாயமாகச் சொன்னால், அவர்களும் வெறும் கல்லையும் மண்ணையும் மட்டும் எண்ணுகிறவர்கள் அல்ல. "பலன்" என்ற சொல் அந்த நூல்களில் முக்கியமாகவே வருகிறது. ஆனாலும் அவர்கள் ஏணியில் பிராஜெக்ட் கீழ்ப்படி, புரோகிராம் மேல்படி. கேட்கப்படும் முதற்கேள்வி: சொன்ன பாகங்களெல்லாம் சொன்ன காலத்தில், சொன்ன பணத்தில், ஒன்றோடொன்று பொருந்தி வந்து சேர்ந்தனவா?

எங்கள் பாதப் பராமரிப்புத் திட்டம் இந்த அர்த்தத்தில் ஒரு புரோகிராம். அதில் மூன்று வேலைகள் இருந்தன. செருப்புப் பட்டறைக்கு ஒரு கட்டடமும் இயந்திரங்களும். கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி. உணர்ச்சியற்ற பாதங்களுள்ள எல்லாருக்கும் எம்.சி.ஆர். செருப்பு. மூன்றும் குறித்த காலத்தில் முடிந்தன. பணம் மிஞ்சவில்லை, குறையவுமில்லை. தணிக்கையாளர் ஒரு குறையும் எழுதவில்லை. கட்டடத்தைப் பேராயர் பிரதிஷ்டை செய்தார். "வெற்றிகரமாக நிறைவேறியது" என்று எழுதிய எங்கள் நிர்வாகியின்மேல் குற்றமில்லை. அவர் கோபுரத்தைக் கட்டி முடித்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறு வேடிக்கையைச் சொல்லவேண்டும். 1958இல் அமெரிக்கக் கடற்படையினர், பொலாரிஸ் என்ற ஏவுகணையைச் சீக்கிரம் செய்து முடிப்பதற்காக, எந்த வேலை எந்த வேலைக்கு முன் நடக்கவேண்டும், எதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணக்கிடும் ஒரு வலைப்பட முறையை வகுத்தார்கள். இன்றுவரை பொறியியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதற்குப் பெர்ட் என்று பெயர். அந்த நான்கெழுத்தை விரித்தால் முதல் இரண்டு சொற்கள் புரோகிராம் மதிப்பீடு என்று வரும்! ஆனால் அங்கே மதிப்பிடப்படுவது நாட்கணக்குத்தான். அந்த ஏவுகணையால் உலகத்துக்கு நன்மையா தீமையா என்று கேட்பது அந்த முறையின் வேலையல்ல. பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்ல என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

பெத்சாயிதாவில் கேட்ட கேள்வி

இரண்டாம் வகையாரைப் புரிந்துகொள்ள மாற்கு 8ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். மாற்கு மட்டுமே எழுதிவைத்திருக்கும் சம்பவம் இது. பெத்சாயிதா ஊரில் ஒரு குருடனை இயேசுவிடத்தில் கொண்டுவருகிறார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை அவன்மேல் வைக்கிறார். அதன்பின் அவர் செய்ததைக் கவனியுங்கள். ஏதாவது தெரிகிறதா என்று அவனையே கேட்கிறார். அவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான்: மனுஷர் மரங்களைப்போல் நடமாடுவதாகத் தெரிகிறது. ஆண்டவர் மறுபடியும் அவன் கண்கள்மேல் கைகளை வைக்கிறார். அப்போதுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

இதை வல்லமைக் குறைவு என்று எண்ணித் தடுமாறுகிறவர்கள் உண்டு. சீஷருடைய கண்கள் படிப்படியாகத் திறப்பதற்கு அடையாளமாக மாற்கு இதை வைத்திருக்கிறார் என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. எங்களுக்கும் அது சரியென்றே படுகிறது. ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிற எங்களுக்கோ அந்தக் கேள்விதான் கண்ணில் படுகிறது. கைகளை வைத்தாயிற்று, செய்யவேண்டியது முடிந்தது என்று அவர் போய்விடவில்லை. பலன் யாரிடத்தில் உண்டாகவேண்டுமோ அவனிடத்திலே கேட்டார். பாதிப் பார்வை என்ற பதிலையும் ஏற்றுக்கொண்டார்.

மதிப்பீட்டாளர்களுக்குப் புரோகிராம் என்பது பிராஜெக்ட்டுக்கு மேல்படி அல்ல. அவர்களுக்கு அளவு ஒரு பொருட்டே அல்ல. நாடு முழுவதும் நடப்பதும் புரோகிராம்தான். ஒரு கிராமத்தில் பத்துப்பேருக்குச் செருப்புக் கொடுப்பதும் புரோகிராம்தான். மனிதருடைய வாழ்க்கையில் ஒரு மாற்றம் வரவேண்டும் என்று எண்ணி, "இதைச் செய்தால் அது நடக்கும்" என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் எந்த முயற்சியும் அவர்களுக்குப் புரோகிராம். ஆகையால் அவர்கள் கேள்வியும் வேறு: அந்த மாற்றம் உண்டானதா? உண்டானதென்றால் நம் முயற்சியால் உண்டானதா, அல்லது நாம் ஒன்றும் செய்யாதிருந்தாலும் உண்டாகியிருக்குமா?

இரண்டு கேள்விகளும் எப்படி முட்டிக்கொள்ளும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1965ஆம் ஆண்டு கோடையில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்த ஹெட் ஸ்டார்ட் என்ற முயற்சி தொடங்கிற்று. ஒரே கோடையில், எட்டு வார வகுப்புகளில், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவ்வளவு குறுகிய காலத்தில் அத்தனை ஊர்களில் ஆசிரியர்களையும் இடத்தையும் சாப்பாட்டையும் ஏற்பாடு செய்தது நிர்வாகக் கணக்கில் ஓர் அதிசயம். 1969இல் வெஸ்டிங்ஹவுஸ் கல்வி நிறுவனமும் ஒஹாயோ பல்கலைக்கழகமும் சேர்ந்து மதிப்பிட்டு அறிக்கை கொடுத்தபோதோ, கோடை வகுப்புகளால் நிலைத்த பலன் தென்படவில்லை, முழு ஆண்டு வகுப்புகளிலும் பலன் சிறிதே என்று வந்தது. பெரிய சண்டை மூண்டது. ஒப்பிட்ட பிள்ளைகள் சரியான ஒப்பீடுதானா என்று அறிஞர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயமிருந்தது. முயற்சி கைவிடப்படவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்ற கணக்கு ஒன்று, வந்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு மற்றொன்று என்பது அந்தச் சண்டையில் வெளியரங்கமாயிற்று.

செருப்பு பெட்டியில் இருந்தது

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று முன்காலத்தில் ஜனங்கள் நம்பினார்கள். அது அப்படியல்ல. நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குவதால் உணர்ச்சி போய்விடுகிறது. வலி தெரியாததால் முள்ளும் கல்லும் சூடும் அழுத்தமும் பாதத்தைப் புண்ணாக்குகின்றன. வலி தெரியாத புண்ணின்மேலேயே நடப்பதால் அது எலும்புவரை போகிறது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் 1940களின் இறுதியிலிருந்து இதைப் பொறுமையாக ஆராய்ந்து உலகத்துக்குக் காட்டினார்கள். மருந்து கிருமியைக் கொல்லும். போன உணர்ச்சியைப் பெரும்பாலும் திரும்பக் கொண்டுவராது. ஆகவே குணமானவருக்கும் வாழ்நாள் முழுவதும் பாதத்துக்கு ஒரு காவல் தேவை. மெத்தென்ற நுண்ணறை ரப்பர் பதித்த எம்.சி.ஆர். செருப்பு அந்தக் காவல்.

எங்கள் நம்பிக்கை இப்படி ஓடிற்று: செருப்புக் கொடுத்தால் அணிவார்கள், அணிந்தால் புண் வராது, புண் வராவிட்டால் வேலைக்குப் போவார்கள், கட்டிலில் வந்து படுக்கமாட்டார்கள். சங்கிலியின் முதல் கண்ணியைத்தான் நாங்கள் எண்ணினோம்.

சகோதரியின் கடிதம் வந்த பிறகு எங்களில் சிலர் வீடு வீடாகப் போனோம். பல முறை எங்கள் வார்டில் படுத்து எழுந்த ஒரு வயதான தாயார், காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"நாம குடுத்த செருப்பு எங்கேம்மா?"

"பெட்டியில பத்திரமா இருக்குங்க ஐயா. ஆஸ்பத்திரிக்கு வர்றப்போ போட்டுக்குவேன்."

"வீட்டுல, காட்டுல எல்லாம் போடணும்னு சொன்னாங்களே?"

"அதைப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா, இன்ன வியாதிக்காரின்னு ஊருக்கே தெரியுமே ஐயா. பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்."

அந்தப் பதிலுக்கு எங்களிடம் மறுபேச்சு இல்லை. கறுப்பு நிறத்தில், அகலப் பட்டையோடு, ஒரே அச்சில் வார்த்ததுபோல் நாங்கள் செய்த செருப்பைச் சுற்றுவட்டாரம் முழுவதும் அடையாளம் தெரிந்து வைத்திருந்தது. வேறு வீடுகளில் வேறு காரணங்கள். ஒருவருக்குச் சேற்று வயலில் செருப்போடு இறங்க முடியாது. ஒருவருக்கு வார் அறுந்துபோயிற்று. பட்டறைக்கு வர பஸ்ஸுக்குக் காசில்லை. அணிந்து நடந்தவர்களும் இருந்தார்கள், அவர்களில் சிலருக்குப் பாதம் சுத்தமாக இருந்தது. ஆகையால் செருப்பு வீண் என்று சொல்ல வழியில்லை.

மதிப்பீட்டுத் துறையார் தோல்வியை இரண்டாகப் பிரித்துப் பேசுவது இங்கே உதவுகிறது. செய்வதாகச் சொன்னதைச் செய்யாமல்போவது ஒன்று. சொன்னபடியே செய்தும், "இதைச் செய்தால் அது நடக்கும்" என்ற எண்ணமே தவறாயிருப்பது மற்றொன்று. முதலாவது தவறினால் நிர்வாகியைத் தட்டிக் கேட்கலாம். எங்களுடையது இரண்டாவது. நிர்வாகி எவ்வளவு திறமையாக ஓடினாலும் அது அவர் கணக்கில் அகப்படாது.

எங்களை மிகவும் வெட்கப்படுத்தினது இனிமேல்தான் வருகிறது. வெளிநாட்டு உதவிச் சங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு லாக்பிரேம் என்ற அட்டவணை தெரிந்திருக்கும். 1969இல் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி நிறுவனத்துக்காக வகுக்கப்பட்டது. நாலு வரிசை, நாலு பத்தி, பதினாறு கட்டம். கீழ் வரிசைகளில் நாம் செலுத்துவதும், அதனால் நம் கையில் வந்து சேர்வதும். மேல் வரிசைகளில் ஜனங்களிடத்தில் உண்டாகவேண்டிய மாற்றமும், அதற்கும் மேலான குறிக்கோளும். கீழ்ப்பாதி நிர்வாகியின் ராஜ்யம்; மேற்பாதி மதிப்பீட்டாளரின் ராஜ்யம். நாலாவது பத்தியில், கீழிருந்து மேலே போக எவையெல்லாம் உண்மையாயிருக்கவேண்டும் என்ற அனுமானங்களை எழுதவேண்டும். எங்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். அந்தப் பத்தியில் எங்கள் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: "பயனாளிகள் செருப்பை ஒழுங்காக அணிவார்கள்." எழுதி, கையெழுத்திட்டு, கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டோம். மூன்று ஆண்டுகளில் ஒருவரும் அந்த வரியைத் திரும்பப் படிக்கவில்லை.

நாட்டின் கணக்கிலும்

இது எங்கள் ஒரு மருத்துவமனையின் கதை மட்டும் அல்ல. 1955இல் இந்தியாவில் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. டாப்சோன் என்ற ஒரே மருந்து, ஆண்டுக்கணக்கில். அந்த மருந்துக்குக் கிருமி அசையாமற்போன பின்பு, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1981இல் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983இல் நம் நாட்டுத் திட்டம் ஒழிப்புத் திட்டம் என்று பெயர் மாறிற்று. 1991இல் உலக சுகாதாரப் பேரவை ஓர் இலக்கு வைத்தது: பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயாளிகளைக் கொண்டுவரவேண்டும். 1980களின் தொடக்கத்தில் பத்தாயிரத்துக்கு ஐம்பதுக்கும் மேலாயிருந்த இந்தியா, 2005 டிசம்பரில் அந்த இலக்கைத் தொட்டது.

இதைக் குறைத்துப் பேச மனமில்லை. லட்சக்கணக்கானவர்கள் குணமடைந்தார்கள், அந்த வேலையில் மிஷன் மருத்துவமனைகளும் உழைத்தன, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆயினும் அந்த எண் எதை எண்ணுகிறது என்று கேட்கவேண்டும். சிகிச்சையில் பதிவாகியிருப்பவர்களை மட்டும் எண்ணுகிறது. மருந்து முடிந்த அன்றே பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. கடுமையான வகைக்கு 24 மாதமாயிருந்த சிகிச்சை, 1998 வாக்கில் 12 மாதமாகக் குறைந்தது. மருத்துவரீதியில் அது நல்ல மாற்றமே. ஆனால் ஒருவர் பதிவேட்டில் இருக்கும் காலம் பாதியானால், புதிதாக ஒருவரும் குறையாமலே எண் குறையும் என்பதைக் கணக்குப் படித்த பிள்ளையும் சொல்லும். மடங்கிய விரலும் மரத்த பாதமும் உள்ளவர் அந்த எண்ணுக்குள் இல்லை. அவர் சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்.

இலக்கை எட்டியாயிற்று என்ற செய்தி "தொழுநோய் ஒழிந்துவிட்டது" என்று பலருடைய காதில் விழுந்தது. அதன்பின் தொழுநோய் ஊழியத்துக்குக் காணிக்கை திரட்டுவது எவ்வளவு கடினமாயிற்று என்று இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2022-23ஆம் ஆண்டிலும் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள்.

செமினரியில் படித்த கிரேக்கம் கொஞ்சம் நினைவுக்கு வருகிறது. டெலோஸ் என்ற சொல்லுக்கு முடிவு என்றும் பொருள், நோக்கம் என்றும் பொருள். கோபுரத்தைக் கட்டி முடிக்கத் திராணியில்லாதவனைப்பற்றி லூக்கா எழுதும் வினைச்சொல்லும் அந்த வேரிலிருந்தே பிறக்கிறது. நாங்கள் முடிவைப் பார்த்துவிட்டு நோக்கத்தையும் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

இப்போது செய்வது

பட்டறையில் வேலை செய்யும் சகோதரர், கடைத்தெருவில் விற்கிற செருப்புகளில் சில மாதிரிகளை வாங்கி வந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே எம்.சி.ஆர். பதித்து, வெளியே பார்க்கக் கடைச் செருப்புப்போலவே, பெண்களுக்கு மெல்லிய வாரோடும் வண்ணத்தோடும் செய்யத் தொடங்கியிருக்கிறார். கிராமங்களில் சிறு குழுக்களாகக் கூடி, பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, எண்ணெய் தடவி, ஒருவர் பாதத்தை ஒருவர் பார்க்கும் பழக்கத்தை எங்கள் பணியாளர்கள் ஏற்படுத்தி வருகிறார்கள்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படி அறிவது? இங்கே எங்கள் மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்த இரண்டு காரியங்களைச் சொல்கிறோம். அறுவடைக் காலத்தில் நடையும் வேலையும் மிகுதி, புண்ணும் மிகுதி. வேலையில்லாத மாதங்களில் தானாகவே குறையும். ஆகையால் மாசியில் எண்ணியதை ஆனியில் எண்ணியதோடு ஒப்பிட்டு மெச்சிக்கொள்ளக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எண்ணவேண்டும். இரண்டாவது, எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்க எங்களுக்கு ஆட்களும் இல்லை, பணமும் இல்லை. சில ஊர்கள் இந்த ஆண்டு, மற்றவை அடுத்த ஆண்டு. ஒருவருக்கும் செருப்பை மறுத்து வைக்காமல், முதலில் தொடங்கிய ஊர்களையும் காத்திருக்கும் ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் முயற்சியால் வந்தது எது, தானாக வந்தது எது என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான். ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

இந்த எண்ணும் வேலைக்கும் செலவுண்டு. பணியாளரின் நேரம், பஸ் கட்டணம், பதிவேடு. "நாங்கள் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் நோயாளிக்கே போகட்டும்" என்று அன்போடு எழுதுகிறவர்களின் மனது எங்களுக்குப் புரிகிறது. அப்படியே செய்துதான் பெட்டியில் பூட்டிய செருப்புகளைக் கொடுத்தோம் என்பதையும் அவர்கள் அறியவேண்டும். இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. ரிப்பன் வெட்டுகிற படத்தை இந்தச் செய்தி மடலின் அட்டையில் போட்டவர்கள் நாங்களே. வராத புண்ணைப் படம் பிடிக்க முடிவதில்லை.

ஆகவே சகோதரிக்கு நாங்கள் எழுதியது: இரண்டாம் பக்கம் உண்மை, வேலை முடிந்தது. ஐந்தாம் பக்கம் உண்மை, புண் முடியவில்லை. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் உங்கள் தாய்மாருக்குச் சந்தேகம் வந்திருக்காது. அடுத்த ஆண்டறிக்கையில் பட்டறையின் கணக்கை அப்படியே இரண்டு பத்தியில் அச்சிடப்போகிறோம். ஒன்றில், செய்து கொடுத்த செருப்புகளின் எண்ணிக்கை. மற்றதில், தேய்ந்துபோய்த் திருத்துவதற்காகத் திரும்பி வந்த செருப்புகளின் எண்ணிக்கை. இரண்டாவதைப்பற்றி இதுவரை யாரும் பதிவேடு வைத்ததில்லை. திரும்பி வந்தால் தொந்தரவு என்றே எண்ணியிருந்தோம்.

கடந்த மாதம் அந்த வயதான தாயார் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். புதிதாகக் கொடுத்த பச்சை வார்ச் செருப்பில் வலது பாதத்து ரப்பர் குதிகாலிடத்தில் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது. "இவ்வளவு சீக்கிரம் தேஞ்சிடுச்சேன்னு கோவிச்சுக்காதீங்க ஐயா" என்றார். பட்டறைச் சகோதரர் கோபிக்கவில்லை. செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுப் பதிவேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.